பட்டறைக்கு வந்த ஊர்கள்

நான் தொழில் கற்றது கணக்குப் புத்தகங்களில். மண்ணடியில் என் தாய்மாமன் வைத்திருந்த பைண்டிங் பட்டறையில், பத்தாவது முடித்ததும் மடிப்பு வேலைக்கு உட்கார்ந்தேன். தீபாவளிக்கு முன்னால் ஒரு சீசன், மார்ச் முடிவில் ஒரு சீசன். சௌகார்பேட்டைக் கடைகளுக்குச் சிவப்புத் துணி போட்ட நீளப் புத்தகம் போகும்; மளிகை மண்டிகளுக்குப் பேரேடும் சிட்டையும் போகும். பேரேட்டுக்கு ஒரே நிபந்தனை: எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் மேஜையில் படிந்து கிடக்க வேண்டும். கணக்குப்பிள்ளை நடு மடிப்பு வரைக்கும் எண் எழுதுவார். இன்னொரு கையால் புத்தகத்தை அமுக்கிப் பிடித்துக்கொண்டிருக்க அவருக்கு நேரம் கிடையாது. அதற்காக, மடித்த தாள் கட்டான ஃபாரங்களை ஒவ்வொன்றாக நாடாவோடு சேர்த்துத் தைப்போம். பூச்சி அரிக்காமல் இருக்க மைதாப் பசையில் துத்தம் கலப்போம். அந்தத் தையலும் அந்தப் பசையும்தான் இன்றுவரை எனக்குச் சோறு போடுகின்றன.

தொண்ணூறுகளில் கடைகளுக்குள் கம்ப்யூட்டர் நுழைந்தது. டாலி என்ற கணக்கு மென்பொருள் வந்தபின் பேரேட்டு ஆர்டர் வருஷத்துக்கு வருஷம் இளைத்தது. நல்ல தையல்காரர்கள் பலர் கூரியர் வேலைக்கும் வாட்ச்மேன் வேலைக்கும் போனார்கள். நான் ஆண்டர்சன் தெருவுக்குக் கல்யாணப் பத்திரிகை அடித்துக்கொடுக்கும் ஸ்க்ரீன் பிரிண்டிங் கடை ஒன்றில் சேர்ந்தேன். சட்டத்தில் மெஷ் கட்டுவது, எமல்ஷன் பூசி எக்ஸ்போஸ் செய்வது, மை இழுப்பது எல்லாம் அங்கே பழகியவை. தங்க மை வீணானால் முதலாளி கத்துவார். அந்தப் பயத்தில் மை இழுக்கும் ஸ்குவீஜியை ஒரே அழுத்தத்தில் இழுக்கக் கை தானாகக் கற்றுக்கொண்டது. பிறகு ராயபுரத்தில் ஒரு டேபிள், ஒரு திருகு பிரஸ், காய்வதற்கு ஒரு ரேக் என்று சொந்தமாகப் போட்டேன்.

அங்கேதான் ஓவியக் கல்லூரி மாணவி ஒருத்தி தேடிக்கொண்டு வந்தாள். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இருக்கிற, 1850-இல் தொடங்கிய அந்தப் பழைய கல்லூரியில் படித்தாள். பையில் லினோகட் அச்சுகள். பக்கிங்ஹாம் கால்வாய்க் கரையில் வரிசையாக இருந்த வீடுகளை ஒவ்வொன்றாகச் செதுக்கியிருந்தாள்.

"பக்கம் பக்கமா வேணாங்க்கா. விரிச்சா தெரு முழுக்க ஒரே நீளமா நிக்கணும். மடிச்சா கைக்குள்ள வரணும்" என்றாள்.

ஜிக்ஜாக் மடிப்பு என்றேன். சொல்வது சுலபம். கனமான தாளில் ஒரு மடிப்பு அரை மில்லிமீட்டர் விலகினால் கடைசி மடிப்பில் புத்தகம் கோணிக்கொண்டு நிற்கும். பேரேட்டுக்கு ஃபாரம் தட்டிச் சமன் செய்கிற பழக்கம் இருந்ததால் சமாளித்தேன். 2000-க்குப் பிறகு கரையோரத்தில் இருந்தவர்களைக் கண்ணகி நகருக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. அவள் செதுக்கிய வீடுகளில் சிலது அதற்குள் காலியாகிவிட்டன. முதல் பிரதியை எடுத்துக்கொண்டு இருவரும் கரைக்குப் போனோம். ஒரு பாட்டி விரித்துப் பார்த்தார். விரலால் வீடுகளைத் தொட்டுக்கொண்டே வந்தவர், தன் வீட்டில் நிறுத்தினார்.

"எம் வூட்டுக் கதவு இந்தாண்ட கைப்பக்கம்மா. நீ அந்தாண்ட வெச்சிருக்க."

லினோவில் நேராகச் செதுக்கினால் அச்சில் இடம் வலம் மாறும். அவளும் வரைந்ததை அப்படியே செதுக்கியிருந்தாள். தெரு முழுவதுமே திரும்பிப் போயிருந்தது. கல்லூரியில் அந்த அச்சுகளைப் பார்த்துப் பாராட்டியவர்கள் யாரும் கண்டுபிடிக்கவில்லை. அவர்களுக்கு எந்தக் கதவு எந்தப் பக்கம் என்று எப்படித் தெரியும்? அந்தப் பெண் முழுத் தெருவையும் மறுபடி செதுக்கினாள். அன்றைக்கு என் பட்டறையில் ஒரு வழக்கம் தொடங்கியது. ஊரைப் பற்றிய புத்தகம் என்றால் ப்ரூஃப் முதலில் அந்த ஊருக்குப் போகணும். ஆர்டர் கொடுத்தவருக்கு அப்புறம்தான்.

பின்னாளில் ஒரு கண்காட்சிப் பட்டியலில் பார்த்தேன்: அமெரிக்காவில் எட் ரூஷே என்ற கலைஞர் 1966-இலேயே லாஸ் ஏஞ்சலஸின் சன்செட் ஸ்ட்ரிப் சாலையின் இரு பக்கக் கட்டடங்களையும் வண்டியில் போனபடியே படமெடுத்து, சுமார் 25 அடி நீளத்துக்கு மடிப்புப் புத்தகமாக்கியிருக்கிறார். அவருடைய தெருவில் ஆள் நடமாட்டமே முக்கியமில்லை. நம்ம தெருவில் வாசலில் உட்கார்ந்திருக்கிற ஆளைத் தாண்டித்தான் கட்டடமே தெரியும்.

கையால் அச்சடித்த புத்தகம் சென்னையில் ஒரு தொழிலாகவே நிற்கும் என்று எங்களைப் போன்றவர்களை நம்ப வைத்தது தாரா புக்ஸ். கீதா வோல்ஃப் 1994-இல் தொடங்கிய பதிப்பகம். பசித்த சிங்கத்தைப் பற்றிய அவர்களுடைய குழந்தைகள் புத்தகம் ஒன்றைக் கைக்காகிதத்தில் ஸ்க்ரீனில் அடித்து வெளிநாட்டுப் புத்தகச் சந்தைக்குக் கொண்டுபோக, கனடாப் பதிப்பகம் ஒன்று 8,000 பிரதி கேட்டுவிட்டது. ஸ்க்ரீன் கடைகளில் இது ரொம்ப நாள் பேச்சாக இருந்தது. கல்யாணப் பத்திரிகையில் ஆயிரம் என்பதே பெரிய ஜாப். இங்கே ஒவ்வொரு தாளும் ஒவ்வொரு நிறத்துக்கும் டேபிளுக்கு வந்து, மை வாங்கி, ரேக்கில் காய்ந்து, மறுபடி வரணும். அதைச் செய்து முடித்தார்கள். அதன் பிறகு ஆறுமுகம் என்பவர் தலைமையில் ஏஎம்எம் ஸ்க்ரீன்ஸ் என்ற பட்டறையே இந்த வேலைக்கென்று நிலைத்தது.

2006-இல் வந்த அவர்களுடைய மரங்களின் இரவு வாழ்க்கை பற்றிய புத்தகத்தை நான் கையில் வாங்கியதும் படத்தைப் பார்க்கவில்லை, மையைத்தான் பார்த்தேன். கறுப்புத் தாளில் வெளிர் மை. அடியில் இருக்கும் கறுப்பு எட்டிப்பார்க்காமல் இருக்க மையைக் கனமாகக் கலக்க வேண்டும்; கனமானால் மெஷ்ஷிலேயே காய்ந்து கண்ணை அடைத்துவிடும். மத்தியப் பிரதேசத்தின் கோண்டுக் கலைஞர்கள் பஜ்ஜு ஷியாம், துர்கா பாய், ராம்சிங் உர்வேதி மூவரும் வரைந்தது. முடி அளவுக் கோடுகள். அவற்றை உடையாமல் இழுத்த கைகளுக்கு நான் மனசுக்குள் வணக்கம் வைத்தேன். இரண்டு வருஷம் கழித்து இத்தாலியில் பொலோனியா விருது கிடைத்தது. விருதைவிட எனக்குப் பிடித்தது, ஒவ்வொரு பிரதிக்கும் கையால் எண் போட்டிருந்தது.

தாளைப் பற்றிச் சொல்லாமல் இந்தத் தொழிலைப் பற்றிப் பேச முடியாது. நான் அதிகம் வாங்கியது புதுச்சேரியிலிருந்து. அங்கே அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதக் கூடம் 1959-இலிருந்து இருக்கிறது. திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வெட்டி விழுகிற பருத்தித் துண்டுகள்தான் இந்த மாதிரித் தாள்களுக்குப் பெரும்பாலும் மூலப்பொருள். துணியைப் பொடிப்பொடியாக வெட்டி, தண்ணீரில் அரைத்துக் கூழாக்கி, சல்லடைச் சட்டத்தில் அள்ளி, கம்பளித் துணியில் கவிழ்த்து, அழுத்திக் காயவைக்கிறார்கள். மில் காகிதத்தில் நார் ஒரு திசையில் ஓடும். அந்தத் திசையில் மடித்தால் பணிந்து வரும், எதிர்த் திசையில் மடித்தால் வெடிக்கும். கையால் அள்ளிய தாளில் அப்படித் திசை கிடையாது, எப்படியும் மடிக்கலாம். ஆனால் நாலு ஓரமும் பிசிராக இருப்பதால் அச்சுக்கு நேர் பிடிக்க விளிம்பு கிடைக்காது. ஓர் ஓரத்தை மட்டும் நேராக வெட்டிக்கொண்டு அதைக் கைடில் முட்டவைத்து அடிப்பேன். பிசிர்தான் அழகு என்று கலைஞர்கள் சண்டை போடுவார்கள். கடைசி நிறம் விழுந்தபின் அந்த நேர் ஓரத்தைத் தையல் பக்கமாக உள்ளே மறைத்துவிடுவேன்.

மழைக்காலம் இன்னொரு தலைவலி. ஐப்பசி பிறந்தால் பருத்தித் தாள் நமுத்த அப்பளம் மாதிரி ஆகிவிடும். காலையில் மஞ்சள் அடித்து, மறுநாள் கறுப்பு அடித்தால் தாள் அதற்குள் ஊதியிருக்கும், கோடு நிறத்தோடு சேராது. அதனால் கார்த்திகை முடியும்வரை மூன்று நிறத்துக்கு மேல் உள்ள வேலையை எடுக்க மாட்டேன். அவசரம் என்பவர்களுக்கு ஆஃப்செட் அச்சகத்தின் முகவரியைக் கொடுத்துவிடுவேன். இதே தாளுக்கு ஒரு நல்ல குணமும் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் தெருவில் பலருக்கும் சரக்கு நனைந்தது. ஆர்ட் பேப்பர் கட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிச் செங்கல்லாகிவிட்டன. என்னிடம் இருந்த பருத்தித் தாள்களைப் பிரித்துக் கொடியில் போட்டேன். கறை படிந்தது, ஆனால் தாள் பிழைத்தது.

அந்தக் கறைத் தாள்களை விலைக்குக் கேட்டு ஒருவர் வந்தார். வெள்ளத்தைப் பற்றி ஒரு புத்தகம் செய்யப்போகிறாராம், கறை இயற்கையாக இருக்கிறதாம். கொடுத்தேன், என் தாள் அது. அடுத்து, பக்கத்துக் குடிசைகளில் நனைந்துபோன ரேஷன் கார்டும் பள்ளிச் சான்றிதழும் கிடைக்குமா என்று கேட்டார், பக்கங்களுக்கு நடுவே தைக்க. முடியாது என்று அனுப்பிவிட்டேன். அவர்கள் அந்தக் காகிதத்தை வைத்துத்தான் மறுபடி கார்டு வாங்க வேண்டும்.

சமூகப் பிரச்சினையைப் புத்தகமாக்க வருகிறவர்களில் பாதிப் பேர் இப்படித்தான், துயரத்தின் ஒரு துண்டைக் கேட்டு வருகிறார்கள். மீதிப் பேர் வடிவத்தை யோசித்துக்கொண்டு வருகிறார்கள். எனக்கு வேலை கற்றுக்கொடுத்தது இரண்டாவது வகை.

2004 டிசம்பர் 26-ஆம் தேதிக்குப் பின் சுனாமியைப் பற்றி எத்தனையோ புத்தகங்கள் வந்தன. தாரா 2009-இல் வெளியிட்ட ஒன்று வங்காளத்துப் பட்டுவாக்களுடையது. மேதினிப்பூர்ப் பக்கம் பட்டுவா கலைஞர்கள் நீளச் சுருளில் கட்டம் கட்டமாகப் படம் வரைந்து, விரலால் தொட்டுக் காட்டிக்கொண்டே பாடுவார்கள். சுனாமியும் அவர்கள் பாட்டுக்குள் வந்துவிட்டது. ஜாய்தேப், மொய்னா சித்ரகார் இருவரின் சுருளை மடிப்புப் புத்தகமாக்கி, மேலிருந்து கீழே விரியும்படி செய்திருந்தார்கள். அலை மேலிருந்து இறங்குவதைப் பார்க்க எனக்கு அந்த விரிப்பே போதுமாக இருந்தது. பக்கம் பக்கமாகத் தைத்திருந்தால் அது வெறும் படக்கதை.

நான் அந்தச் சமயத்தில் வேறொன்று தைத்தேன். ஒரு இளம் கலைஞர் கடற்கரைக் குப்பம் ஒன்றில் மீன் விற்கும் பெண்களோடு வேலை செய்துகொண்டிருந்தார். நிவாரணப் பட்டியல்களைப் பெரும்பாலும் படகையும் வலையையும் வைத்துத்தான் போட்டார்கள். கட்டுமரம் போனவருக்கு ஃபைபர் படகு வந்தது. கூடை போனவளைக் கணக்கில் சேர்க்க ஆள் இல்லை. கலைஞர் முதலில் இறந்தவர்களின் முகங்களைப் பொறித்த புத்தகம் ஒன்றை மாதிரியாகச் செய்து எடுத்துப்போனார். நானும் கூடப் போயிருந்தேன். பெண்கள் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். அவர்களில் மூத்தவர் கேட்டார்: "செத்தவங்க மூஞ்சி எங்களுக்குத் தெரியாதா? எங்களுக்கு இன்னா போச்சுன்னு எய்தும்மா."

அவர்கள் சொல்லச் சொல்ல எழுதினோம். அலுமினிய அன்னக்கூடை, அரிவாள்மனை, தராசு, ஐஸ் பெட்டி, கருவாடு காயவைக்கும் பாய். பலருக்கும் பெரிய நஷ்டம் எது தெரியுமா? கடன் நோட்டு. யார் யார் எவ்வளவு பாக்கி என்று எழுதிவைத்த நோட்டு அலையோடு போனதால் வரவேண்டிய பணத்தை வாய் வார்த்தையில் கேட்க வேண்டியிருந்தது. பட்டியலைப் பார்த்ததும் எனக்கு வேறு வடிவம் தோன்றவில்லை. பேரேடாகவே தைத்தேன், சிவப்புத் துணி, நாடாத் தையல், பற்று வரவுக் கோடுகள். பற்றுப் பக்கத்தில் அவர்கள் சொன்னவை ஸ்க்ரீனில் அச்சாக, வரவுப் பக்கம் பெரும்பாலும் வெறுமையாக இருந்தது. ஆங்காங்கே அரிசி, பாய், மண்ணெண்ணெய் அடுப்பு. இறந்தவர்களின் பெயரை அவர்களே ஒரு பக்கத்தில் எழுதித் தந்தார்கள், கையெழுத்திலேயே அதை எக்ஸ்போஸ் செய்தேன்.

கண்காட்சியில் அது கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. குப்பத்துச் சங்கத்துக்குக் கொடுத்த பிரதி வேறு மாதிரி வாழ்ந்தது. கடைசியில் சில வெற்றுத் தாள்கள் விட்டிருந்தேன். அவற்றில் மகளிர் குழுக் கணக்கை எழுத ஆரம்பித்துவிட்டார்கள். கலைஞர் பார்த்துவிட்டு முதலில் பதறினார். நான் சிரித்தேன். நல்ல கோடு போட்ட தாள், படிந்து திறக்கிற புத்தகம், வேறெதற்கு?

வடிவமும் விஷயமும் இப்படிச் சேர்ந்த வேறு புத்தகங்களையும் தேடித் தேடிப் பார்த்திருக்கிறேன். அகமதாபாதில் வாகரி சமூகத்தார் கோயிலுக்குள் விடப்படாதவர்கள்; அதனால் அம்மனைத் துணியில் அச்சிட்டு, அந்தத் துணியையே கோயிலாக வைத்துக் கும்பிட்டார்கள். ஜக்தீஷ் சிதாரா என்ற அந்த மரபின் கலைஞரோடு தாரா 2015-இல் செய்த புத்தகம் துணியிலேயே இருக்கிறது. அதைக் காகிதத்தில் அடித்திருந்தால் சாதியைப் பற்றி ஒரு முன்னுரை எழுதவேண்டியிருக்கும். ஊர் ஊராகப் பாடித் திரிந்து அகமதாபாதுக்கு வந்து சேர்ந்த தேஜு பெஹன் நகரத்தைக் கோடும் புள்ளியுமாக வரைந்த புத்தகமும் எனக்குப் பிடிக்கும். கொல்கத்தாவில் பி. லால் 1958-இல் தொடங்கிய ரைட்டர்ஸ் வொர்க்‌ஷாப் புத்தகங்களுக்கு ஒடிசாக் கைத்தறிச் சேலைத் துணியில் அட்டை போட்டார்கள். அட்டை அழகுதான். ஆனால் உள்ளே இருக்கும் கவிதைக்கும் வெளியே இருக்கும் சேலைக்கும் சம்பந்தம் பல சமயம் இருக்காது. பைண்டர் என்ற முறையில் அந்தக் குறையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

என்னுடைய வேலைகளில் கடினமானது எண்ணூர்ப் புத்தகம். கொசஸ்தலையாறு கடலில் சேரும் கழிமுகத்தில் அனல் மின் நிலையச் சாம்பல் படிந்து, ஆழம் குறைந்து, மீனும் இறாலும் அருகிப் போயின. 1996 வரைபடத்தில் இருந்த கழிமுகம் பின்னால் வந்த வரைபடம் ஒன்றில் காணாமல் போனது என்று மீனவர்களும் செயற்பாட்டாளர்களும் 2017-இல் வெளிப்படுத்தினார்கள். ஒரு கலைஞர் இதை மடிப்பு வரைபடமாகச் செய்ய வந்தார். ஒரு மடிப்பில் தண்ணீர், அடுத்ததைத் திறந்தால் அதே இடம் வெறும் நிலம். மை வேண்டாம், அங்கிருந்து அள்ளி வந்த சாம்பலிலேயே அச்சடிக்கலாம் என்றார்.

சாம்பலை மல் துணியில் சலித்து, துணி அச்சுக்குப் பயன்படுத்தும் பைண்டரில் கலந்தேன். சாதாரண மெஷ்ஷில் அடைத்தது. பெரிய கண் உள்ள மெஷ் கட்டினால் கோடு பிசிறியது. அளவைக் கூட்டிக் குறைத்து, கடைசியில் தண்ணீர்க் கால்வாய்களைக் கறுப்பு மையில் மெல்லிய கோடாகவும், நிலத்தைச் சாம்பலில் பரப்பாகவும் பிரித்துக்கொண்டோம். காய்ந்தபின் தடவினால் சொரசொரவென்று இருந்தது. கலைஞருக்கு அது போதவில்லை. படிக்கிறவர் விரலில் சாம்பல் ஒட்ட வேண்டும் என்றார். நான் மறுத்தேன். அந்தத் துகளில் சிலிக்கா இருக்கிறது. மூச்சில் போனால் நுரையீரலுக்கு ஆகாது. என்னோடு வேலை செய்த பெண்கள் முகத்தில் துணி கட்டிக்கொண்டு ஈரத்திலேயே கலந்தார்கள். அவர்களுக்கு வேண்டாத சாம்பலை வாசகருக்கு மட்டும் ஏன் ஊட்ட வேண்டும்? மேலே ஒரு கோட் வார்னிஷ் கொடுத்தேன். அதன் பிறகு அவர் என்னிடம் வேலை கொண்டுவரவில்லை.

ஆனால் ப்ரூஃப் போனபோது ஒன்று நடந்தது. எண்ணூர்ப் பக்கத்துக் காட்டுக்குப்பத்துப் பெரியவர்கள் வரைபடத்தை மணலில் விரித்து, ஆற்றின் திசைக்குத் திருப்பி வைத்தார்கள். பிறகு மீன் பிடிக்கும் இடங்களின் பெயர்களைச் சொல்ல ஆரம்பித்தார்கள். அரசு வரைபடத்தில் அந்தப் பெயர்கள் எதுவும் இல்லை. எல்லாவற்றையும் சேர்த்து மறுபடி ஒரு ஸ்க்ரீன் போட வேண்டியிருந்தது. செலவு என் கையைக் கடித்தது. இப்போது அந்தப் புத்தகத்தைப் பார்க்கிறவர்கள் சாம்பலைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எனக்கு அந்தப் பெயர்கள்தான் புத்தகம்.

பெயர் என்றதும் ஞாபகம் வருகிறது. நான் தொழிலுக்கு வந்த நாட்களில் நாட்டார் கலைஞருடைய ஓவியம் அட்டையில் வரும், அவர் பெயர் வராது. 'பழங்குடி ஓவியம்' என்று உள்ளே ஒரு வரி இருக்கும். அது மாறியிருக்கிறது. மிதிலையில் வீட்டுவேலை செய்துகொண்டிருந்த, மீனவச் சமூகத்தைச் சேர்ந்த துலாரி தேவி தன் கதையைத் தானே வரைந்த புத்தகம் அவர் பெயரிலேயே வந்தது. 2021-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. பஜ்ஜு ஷியாமுக்கு 2018-இல், துர்கா பாய்க்கு 2022-இல். கலைஞர் விஷயம் ஒருவழியாகத் தேறிவிட்டது. அச்சடித்தவர், மடித்தவர், தைத்தவர் நிலைமை அப்படி இல்லை. ஒரு பதிப்பகத்துக்கு நாங்கள் தைத்துக்கொடுத்த புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுத்துருவின் பெயர் இருந்தது, தாள் எத்தனை ஜிஎஸ்எம் என்று இருந்தது. தைத்த ஆறு பெண்களின் பெயரைப் போடச் சொன்னபோது இடம் இல்லை என்றார்கள். இப்போது ஆர்டர் எடுக்கும்போதே கொட்டேஷனில் அந்தப் பக்கத்தையும் எழுதிவிடுகிறேன். கூலியிலும் ஒரு மாற்றம் செய்தேன். பீஸ் ரேட்டில் தைத்தால் வேகம் வரும், நாடா தளரும். நாள் கூலிக்கு மாறியபின் பிரதிகள் குறைந்தன, திரும்பி வருவது நின்றது.

சரி, இதையெல்லாம் யார் வாங்குகிறார்கள்? இந்தத் தொழிலில் யாரும் மேடையில் பேசாத கேள்வி இது. நூறு பிரதி செய்தால் விலை ஆயிரங்களில் நிற்கும். கேலரி வாங்கும், வெளிநாட்டுப் பல்கலைக்கழக நூலகம் வாங்கும், சேகரிப்பவர்கள் சிலர் வாங்குவார்கள். எந்தக் குப்பத்தைப் பற்றிப் புத்தகமோ அந்தக் குப்பத்தில் யாரும் வாங்க முடியாது. இதற்குச் சாமர்த்தியமான பதில் சொன்னவர்கள் அர்ஜென்டினாக்காரர்கள். 2001-இல் அங்கே பொருளாதாரம் நொறுங்கியபோது அட்டை பொறுக்கிப் பிழைப்பவர்கள் தெருவெங்கும் பெருகினார்கள். 2003-இல் புவனஸ் ஐரஸில் தொடங்கிய எலோய்சா கார்டோனேரா அவர்களிடம் அட்டையைச் சந்தை விலைக்கு மேலே கொடுத்து வாங்கி, வெட்டி, கையால் வண்ணம் பூசி, உள்ளே நகல் எடுத்த தாள்களை வைத்துக் குறைந்த விலைக்கு விற்றது. ஒவ்வொரு அட்டையும் வேறு வேறு. லத்தீன் அமெரிக்கா முழுக்க அந்த வழி பரவியது. கியூபாவின் மதான்சாஸ் நகரில் 1985-இலிருந்து இயங்கும் விகியா பதிப்பகமும் மலிவான தாளிலும் துணித் துண்டிலும்தான் வேலை செய்கிறது. அங்கே ஒரு தலைப்புக்கு 200 பிரதிதான். நாம் கைக்காகிதத்தை மட்டுமே 'கைவேலை' என்று நினைத்துக்கொண்டோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அம்பேத்கரைப் பற்றிய 'பீமாயனா'வை துர்கா பாய் வியாம், சுபாஷ் வியாம் வரைந்து நவயானா பதிப்பகம் 2011-இல் வெளியிட்டது. ஆஃப்செட்டில் அடித்த புத்தகம்தான். அதைக் கையால் அச்சடித்து நூறு பிரதி செய்திருந்தால் அழகாக இருந்திருக்கும், போய்ச்சேர வேண்டியவர்களிடம் போயிருக்காது. கையால் செய்ய வேண்டாத புத்தகமும் இருக்கிறது என்று வாடிக்கையாளரிடம் சொல்வேன். எனக்கு நஷ்டம், ஆனாலும் சொல்வேன். ஒத்துக்கொள்கிறவர்களுக்கு ஒரு யோசனை: கைப்பதிப்போடு கூடவே ஜெராக்ஸில் ஒரு மலிவுப் பதிப்பு, அட்டை மட்டும் ஸ்க்ரீனில். எண்ணூர் வரைபடம் அப்படித்தான் அந்தக் குப்பங்களின் வீடுகளில் இருக்கிறது.

இப்போது காலம் மறுபடி மாறியிருக்கிறது. வாரக்கடைசி வகுப்புகளில் தைக்கக் கற்றுக்கொடுக்கிறார்கள். லேசரில் பொத்தான் அமுக்கினால் அட்டையில் சன்னல் வெட்டிவிடுகிறது. ஹோட்டல்களுக்குப் பரிசுப் பொருளாகக் கைக்காகித டைரி கேட்டு வருகிறார்கள், ஓரத்தில் ஒரு நாட்டுப்புற யானை. செய்துகொடுக்கிறேன், வாடகை கட்ட வேண்டுமே. வகுப்புக்கு வருகிற இளைஞர்கள் சிலர் நன்றாகத் தைக்கிறார்கள். முதல் புத்தகத்திலேயே பருவநிலை மாற்றம் என்று பெரிய தலைப்பாகப் பிடித்துக்கொள்கிறார்கள். உங்கள் தெருவில் எந்த வீட்டுக்கு எந்த நாளில் தண்ணீர் லாரி வருகிறது என்று செய்யுங்கள் என்பேன். ஒரு பையன் செய்தான். லாரி வராத நாட்களுக்கு வெற்றுப் பக்கம் விட்டிருந்தான். அவன் தெருக்காரர்கள் அதைப் புரட்டிவிட்டு, இரண்டு வெற்றுப் பக்கம் குறைகிறது என்றார்களாம்.

ஒரு தெருவின் புத்தகம் அந்தத் தெருவுக்கே திரும்பிப் போவது என்றால் எனக்கு இன்னொன்றும் நினைவுக்கு வரும். 2007 மார்ச் 5-ஆம் தேதி பாக்தாதின் புத்தகக் கடைத் தெருவான அல்-முதனபி தெருவில் குண்டு வெடித்தது. சான் ஃபிரான்சிஸ்கோவில் இருந்த புத்தகக் கடைக்காரரும் கவிஞருமான போ போசொலேய் பல நாட்டுக் கலைஞர்களைக் கேட்டு, அந்தத் தெருவுக்காகக் கையால் புத்தகங்கள் செய்ய வைத்தார். அதில் ஒரு முழுத் தொகுதியை ஈராக் தேசிய நூலகத்துக்கென்று ஒதுக்கினார்கள். எனக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்தது. எந்த ஊரின் கதையோ அந்த ஊரில் ஒரு பிரதி இருக்க வேண்டும். அதற்கு ஒரு பொது இடம் வேண்டும்.

நம் ஊரில் அந்த இடத்துக்குத்தான் தட்டுப்பாடு. அரசு நூலகங்களுக்குப் புத்தகம் வாங்கும் நூலக ஆணையில் பல காலமாகப் புத்தகத்துக்கு விலை போட்டது ஃபாரக் கணக்கில்: தாள் அளவு டெமியா, கிரௌனா, எத்தனை ஃபாரம். மடிப்பாக விரிகிற புத்தகத்துக்கும் துணியில் அச்சடித்ததற்கும் அந்தக் கணக்கில் கட்டம் கிடையாது. அலமாரியில் நிற்காது, முதுகில் எண் ஒட்ட முடியாது என்று நூலகர்கள் சொல்கிறார்கள்; அவர்கள் சொல்வதும் நியாயமே. கோட்டூர்புரத்தில் 2010-இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், மதுரையில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் இடத்துக்குப் பஞ்சமில்லை. மாவட்ட மைய நூலகங்களிலும் ஒரு நீள மேஜை போட முடியும். அந்தந்த மாவட்டத்தைப் பற்றிக் கையால் செய்த புத்தகம் எது வந்தாலும் ஒரு பிரதி வாங்கி அந்த மேஜையில் போடுங்கள். கண்ணாடிப் பெட்டி வேண்டாம், கையுறை வேண்டாம். கையைக் கழுவித் துடைத்துவிட்டு வந்தால் போதும், விரித்துப் பார்க்க விடுங்கள். தையல் விட்டுப்போனால் கொண்டுவாருங்கள், தைத்துத் தருகிறேன்.